பசாசுப் படம்

கதை எழுதிப் பழகாத அடியேன் இதனை எழுதத் துணிந்தமையை வாசகப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டிலே, முல்லைத்தீவுக் கரையில் படுத்த படுக்கையாகிவிட்ட கிறகோரியார், சென்ற நூற்றாண்டில் அச்சான செபப்புத்தகத்திலிருந்து கழன்ற ஒரு தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் அழுவார். கஞ்சியோடு கால்மாட்டில் வந்து நிற்கும் மகன் தோமஸுக்கு அந்தப் படம் நன்றாகத் தெரியும். பாவியொருவன் சாகிறான், மூன்று பசாசுகள் அவன் கட்டிலைச் சுற்றி நின்று இளிக்கின்றன.

“அப்பு, அதைத் தாங்கோவன். உள்ளுக்கை வைப்பம்.”

“பேசாமல் போடா. இதைப் பாத்துக்கொண்டுதான் நான் சாவன்.”

குசினியில் நின்ற தோமஸின் மனைவி சுசிலா சிரித்தாள். “வாடைக் கடலுக்கே பயப்பிடாத மாமா, ஒரு கடதாசிக்கு இப்பிடி நடுங்கிறாரே!”

“சிரியாதை. அப்பு பயத்திலையே போயிடுவார்.”

மத்தியானம் தகப்பனார் கண்ணயர்ந்ததும், தோமஸ் தாளை மெல்ல உருவினான். கண்ணை இறுக மூடி, சிலுவை போட்டுக்கொண்டு, அதை அடுப்பிலே எறிந்தான்.

விழித்த கிறகோரியார் படுக்கையைத் தடவினார். “எங்கையடா என்ரை படம்?”

“எரிச்சுப்போட்டன், அப்பு. இனி ஒரு பசாசும் உங்களை வெருட்டாது.”

“பசாசோ? அது நீ நிண்ட பக்கமடா! நான் பாத்த பக்கத்திலை நல்மரணம். சிறகு விரிச்ச சம்மனசுகளுக்கு நடுவிலை கிடந்த மனுசிக்கு அச்சொட்டாய் உன்ரை கொம்மாவின்ரை முகம். நீ பிறந்தண்டே போனவளுக்கு ஒரு போட்டோவும் இல்லையேடா!”

அடுப்பில் போனது ஒரே ஒரு தாள்தான். அதனோடு மூன்று பசாசுகளும் இரண்டு சம்மனசுகளும் போயின. தோமஸ் ஒருநாளும் கண்டிராத அவனுடைய தாயின் முகமும் போயிற்று.