மாதாந்திரச் சண்டை

பிச்சையாவின் இதய ரத்தக்குழாயில் குடியிருந்த கடுகளவு கருவி, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து சொல்லும். ஆனால் இதயம் படபடக்கும்போதுதான் அளக்கும். மூட்டுவலிக்காரரை ஓடச் சொல்ல முடியாதே. அதனால் மாதம் ஒருமுறை அவருக்குக் கோபமூட்டும் வேலையை ஆஸ்பத்திரிக்காரர்கள் மனைவி செண்பகவல்லியிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

இன்று சாயங்காலத்துக்குள் அளவு வராவிட்டால், மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாதென்று அவள் வேலையில் இறங்கினாள்.

மாமியாரின் சமையலைப் பழித்தாள். கொழுந்தனைத் திட்டினாள். அவருடைய மீசையைக்கூட விட்டுவைக்கவில்லை. பிச்சையா தன் பாட்டுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அளக்கப் படபடப்பு போதவில்லை" என்றது, கருவியின் அளவைப் படித்துச் சொல்லும் சுவர்ப்பெட்டி.

"நானும் என்ன செய்ய? இதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்றார் அவர்.

செண்பகவல்லி ஓய்ந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனித் திட்ட ஒன்றும் மிச்சமில்லை.

"காலையில நீங்க வச்ச ரசம் நல்லாத்தான் இருந்துச்சு."

பூண்டுத் தட்டு கவிழ்ந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "அளந்தாயிற்று. பயமில்லை."

அப்பாடா என்று எழுந்தவளின் முந்தானையைப் பிச்சையா பிடித்துக்கொண்டார்.

"எதுக்கும் இன்னொரு தடவை அளந்து பாத்துருவோம்."