செம்புத் தகடு

காலை எட்டே முக்காலுக்கு ஆறாவது நட்டையும் கழற்றிவிட்டு, கோவிந்தராசு மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஹெட்டைத் தூக்கினான். தூக்கினவன் சிரித்துவிட்டான்.

“முசே, கிட்ட வாங்க. உங்க வண்டிக்கு நடந்த அநியாயத்தைப் பாருங்க.”

தெய்வசிகாமணி ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய்வந்த சொல்தா; ஊருக்கு அவர் முசே, அதாவது ஐயா. இப்போது பென்ஷன். இஸ்திரி போட்ட கால்சட்டையும் பூட்ஸும் இல்லாமல் உப்பளம் பேட்டையில் அவரைப் பார்த்தவர் கிடையாது.

“போன வருஷம் எதிர்ப் பட்டறை கலியபெருமாள்கிட்ட என்னா சொன்னீங்க?”

“ஹெட்டை ரெண்டு மில்லி கடைஞ்சு இறக்குன்னேன். பேப்பர்ல படம் போட்டே குடுத்தேன்.”

“கடையவே இல்ல. போதாததுக்கு, அடியில மூணு மில்லி செம்புத் தகடு வச்சிருக்கான். ஹெட்டு இறங்கினாத்தான் கம்ப்ரஷன் ஏறும், ஓட்டம் ஏறும். அவன் தூக்கி வச்சிருக்கான். பந்தயத்துல கடைசியா வராம என்னா பண்ணும்?”

“திருட்டுப் பய,” என்றார் தெய்வசிகாமணி. “எவன்கிட்ட என்ன வாங்கினானோ.”

வருஷா வருஷம் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பட்டாளப் பென்ஷன்காரர்கள் நடத்தும் மோட்டார் சைக்கிள் பந்தயம் அது. வண்டியை அணைத்து நிறுத்தியிருக்க வேண்டும். கொடி அசைந்ததும் உதைத்துக் கிளப்பி, கடற்கரையிலிருந்து கோரிமேடு போய்த் திரும்ப வேண்டும். ஊரே நின்று பார்க்கும்.

கோவிந்தராசு மில் வேலையை விட்டுப் பட்டறை போட்டு நாலு மாசம். சைக்கிளைத் தவிர வேறெதுவும் வாசலுக்கு வரவில்லை. எதிர்ச்சாரியில் கலியபெருமாள் பட்டறை முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. இரண்டு பேரும் மில்லில் ஒரே லேத்தில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர்கள். இந்த ஒரு வண்டி ஜெயித்தால் அந்த வரிசையில் பாதி இந்தப் பக்கம் திரும்பிவிடும்.

“ஒம்பது நாள் குடுங்க முசே. ஹெட்டை இறக்கி, பெட்ரோல் உள்ள போற வால்வையும் பெருசா மாத்திடறேன். அப்புறம் உங்களை எவன் பிடிக்கிறான்னு பாப்போம்.”

மதராசிலிருந்து ஒரு கார் வால்வு தருவித்தான். அது அங்குலக் கணக்கு, வண்டி மில்லிக் கணக்கு. லேத்தில் கடைந்து சேர வைத்தான். வால்வு உட்காரும் இடத்தை அகலப்படுத்தி, கையால் தேய்த்துத் தேய்த்தே இரண்டு நாள் போயிற்று. ஹெட்டைச் சொன்னபடி இரண்டு மில்லி இறக்கினான். பழைய செம்புத் தகட்டை, எதிர்ப் பட்டறை வாசலில் விழும்படி வீசினான்.

“பெருமாளு, உன் சாமான். பத்திரமா வச்சுக்க.”

கலியபெருமாள் குனிந்து எடுத்தான்.

“கடைஞ்சிட்டியா?”

“முழுசா.”

“அவரை ஒருதரம் உதைக்க வச்சுப் பாரு, ராசு.”

“ஏன், கிளம்பாதுன்னு சாபம் போடுறியா?”

பக்கத்து சைக்கிள் கடை கன்னியப்பன் சிரித்தான். “சாபத்துக்கும் நடுவுல ஒரு தகடு வச்சுத்தான் போடுவான்.”

கலியபெருமாள் தகட்டோடு உள்ளே போய்விட்டான்.

பத்தாம் நாள் காலை கோவிந்தராசு முழு உடம்பையும் ஏற்றி உதைத்தான். இரண்டாவது உதையில் எஞ்சின் உறுமியது. அந்தத் தெருவில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அணைத்துவிட்டு, தெய்வசிகாமணியை ஏறச் சொன்னான்.

அவர் உட்கார்ந்து உதைத்தார். கிக்கர் பாதியிலேயே நின்றது. மறுபடியும் உதைத்தார். அதே கதை.

மூன்றாவது தரம் எழும்பி மிதித்தார். எஞ்சின் எதிர்த்து அடித்தது. கிக்கர் விசையோடு திரும்பி வந்து அவர் வலது முழங்காலுக்குக் கீழே மோதியது.

கோவிந்தராசு கண்ணை மூடிக்கொண்டான். அந்த அடிக்கு எலும்பு முறிந்திருக்க வேண்டும்.

ஆனால் அலறல் கேட்கவில்லை. கட்டையில் சுத்தி பட்ட சத்தம்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது தெய்வசிகாமணி முகம் சுளிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, கால்சட்டையின் மடிப்பை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார்.

“முன்னே ஒரே உதையில கிளம்பும்,” என்றார். “அந்த மாதிரி ஆக்கு. ஓட்டமும் குறையக் கூடாது.”

ஓட்டத்துக்குக் கம்ப்ரஷன் ஏற வேண்டும், ஏறினால் உதைப்பது கஷ்டம்; இரண்டும் சேர்ந்து நடக்காது. கோவிந்தராசு அதைச் சொல்லவில்லை.

“என் வேலையிலதான் கோளாறு, முசே. சரி பண்ணிடறேன்.”

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு, ரோட்டைக் கடந்தான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

கலியபெருமாள் கையைத் துணியில் துடைத்தான். “ஸ்பானர் கை தவறி அவரு கால்மேல விழுந்துச்சு. அவருக்கே தெரியல. பேசிக்கிட்டே இருந்தாரு.”

“போன வருஷம் ஊரே உன்னைத் திருடன்னு சொல்லிச்சேடா.”

“நீயுந்தான் சொன்ன.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“ஊர் திரும்பி ஏழு வருஷமா அந்தக் காலைப் பத்தி அவரே யாருகிட்டயும் சொல்லல. நான் யாரு சொல்றதுக்கு?”

கோவிந்தராசு தன் பட்டறையில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் கடைஞ்ச ரெண்டு, உன் பழைய மூணு. அஞ்சு மில்லிக்குச் செம்பு இருக்கா?”

“இருக்கு. ஆனா யோசிச்சுக்க. பட்டறை புதுசு. உன் பேரு போயிடும்.”

“எடுத்துக் குடு.”

1959 ஜூலை 14 அன்று கடற்கரையிலிருந்து எட்டு வண்டிகள் கிளம்பின. தெய்வசிகாமணி ஒரே உதையில் கிளப்பி, எட்டாவதாகத் திரும்பி வந்தார். இந்த லட்சணத்தில் எஞ்சின் வேலை பார்த்தவன் எவன் என்று கூட்டத்தில் கேட்டார்கள். கோவிந்தராசு கையைத் தூக்கினான்.