ஆறு மணி நேர ஒளி

சாவி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். பார்த்தால் மட்டும் வந்துவிடுமா என்ன.

அறைக்குள் ஆள் யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்துக் கதவைப் பூட்டியவர்தான் சாவியைக் கொண்டுவந்து வெளியே உள்ள கட்டுப்பாட்டுப் பலகையில் செருக வேண்டும். செருகினால்தான் எக்ஸ்ரே ஒளி உள்ளே வரும். எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு ஒளி எடுக்கும் இந்த சின்க்ரோட்ரான் மையத்தில் அதுதான் முறை.

பூட்டியவன் தணிகைவேல். உதவிக்கு வந்த புண்ணியவான், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போய்விட்டான்.

அழைத்துப் பார்த்தாள். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தான்.

காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை ஒளி, அவர்கள் பாஷையில் பீம், அவளுடையது. ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த ஆறு மணி நேரம். உள்ளே பன்னிரண்டு நெல் வேர்கள். அவற்றில் எவ்வளவு ஆர்செனிக் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் முனைவர் பட்ட ஆய்வேடு முடியும். உதவித்தொகையோ அடுத்த மாதத்தோடு நிற்கிறது.

பாதுகாப்பு அலுவலகத்தில் மாற்றுச் சாவி உண்டு. எடுத்துப் போனது யார் என்று ஒரு படிவத்தில் நான்கு மணிக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். சாவி வரும். வீணான நேரத்தையும் அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் எழுதியது நேரே அந்த அலுவலகத் தலைவரிடம் போகும். அவர் இப்போது நேர்காணல் மேசையில் தணிகைவேலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

இருப்பதே ஒரே ஒரு வேலை. மூன்று வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறான்.

காலையில் அவனுக்கு டை கட்டிவிட்டதும் அவள்தான். அவனை அவளுக்குப் பிடிக்கும். சொன்னதில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சனியனே, இன்டர்வியூல பதிலையாவது ஒழுங்கா சொல்லு."

பதினொன்று ஆனது.

பன்னிரண்டு.

ஒன்று.

ஒன்றேமுக்காலுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். சாவி கையில் இருந்தது.

"ஐயோ கோமதி, எவ்ளோ நேரம் போச்சு?"

"ஒண்ணும் போகல. காலைலேர்ந்து பீமே இல்ல, இப்பதான் வந்துச்சு. இன்டர்வியூ எப்படி, அத சொல்லு மொதல்ல."

"நல்லாதான் போச்சு. அஞ்சு மணிக்கு முடிவு சொல்றாங்களாம்."

சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாவியைச் செருகிவிட்டுத் திரும்பியவன் சுவரில் இருந்த திரையைப் பார்த்தான். வளையத்திலிருந்து வரும் ஒளியின் அளவைக் காட்டும் கோடு, காலையிலிருந்து மெல்லச் சரிந்தபடி வந்திருந்தது. ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை.

பத்து மணி வரை அந்தக் கோட்டின்மேல் விரலைப் பின்னோக்கி ஓட்டினான்.

திட்டப்போகிறான் என்று நினைத்தாள். திட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். மணி இரண்டுகூட ஆகவில்லை.

"பைத்தியமா ஒனக்கு? அந்த வேலை போயிடும்டா."

அவள் படிவத்தின்மேல் கையை விரித்து அழுத்திக்கொண்டாள்.

அவன் அந்தக் கையை எடுத்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டான். விடவில்லை.

வலது கையால் தன் பெயரை எழுதினான்.