தமிழ், இருபத்தெட்டு விநாடி

விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பாலத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து, வாகனங்கள் அசையாமல் நிற்கின்றனவாம்.

குழுத் தலைவர் சலேஹா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மேசையின் மறுகோடியில் இருந்த மிதுஷாவிடம், ஒலிப்பதிவில் தமிழில் வரும் பகுதியை நீங்களே மலாயில் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

முறையான ஏற்பாடு இல்லைதான். அவசர எண்ணுக்கு வந்த அந்த அழைப்பை எடுத்தவளே மிதுஷா. விசாரணையும் அவளைப் பற்றித்தான்.

ஆனால் புகார் கொடுத்த சந்திரிகா மறுப்புச் சொல்லவில்லை. தானும் தமிழ்தான், மாற்றிச் சொன்னால் தெரிந்துவிடும் என்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில், சந்திரிகாவின் அம்மா நெஞ்சுவலியில் இறந்துபோனார். எழுபத்தொரு வயது. பகல் நேரம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

வலி தொடங்கியது மூன்று மணிக்கு. அவசர எண்ணில் அழைப்பு எடுக்கப்பட்டது மூன்று பதினாலுக்கு.

அந்தப் பதினாலு நிமிடம்தான் புகார். அம்மா உடனே அவசர எண்ணுக்கு அடித்திருப்பார், அங்கே யாரும் எடுத்திருக்கமாட்டார்கள் என்று சந்திரிகா எழுதியிருந்தாள். எடுக்கப்படாத அழைப்புகள் அங்கே பதிவாவதில்லை.

விசாரிக்கும் இந்த ஆலோசனைக் குழுவுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அவசரத் தொலைபேசிச் சேவை எப்படி நடக்கிறது என்று பார்த்து, அமைச்சுக்கு எழுதும், அவ்வளவுதான். ஆனால் குழு எழுதியதை மீறி இதுவரை யாரும் வேலையில் தங்கியதில்லை. மிதுஷாவை ஏற்கெனவே அழைப்பு மேசையிலிருந்து எடுத்துக் கோப்பு அறையில் போட்டிருந்தார்கள். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது.

ஒலிப்பதிவு ஓடியது.

முதலில் மலாய். முகவரி, மாடி எண், வயது. மூன்று மணியிலிருந்து நெஞ்சு வலிக்கிறது என்றார் அம்மா. மிதுஷாவின் குரல் நிதானமாக இருந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, எழுந்து கதவைத் திறந்துவைக்க முடியுமா என்று கேட்டாள். முடியவில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மலாய் நழுவிப் போய், தமிழ் வந்தது.

அச்சிட்ட பிரதியில் அந்த இடத்தில் 'தமிழ், இருபத்தெட்டு விநாடி' என்று மட்டும் இருந்தது.

சந்திரிகா கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோனாள். இறந்த பிறகு அம்மாவின் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

பதிவை நிறுத்தினார்கள். மிதுஷா மலாயில் சொன்னாள். வலி இடது கையில் இறங்குகிறது என்கிறார். பயமாக இருக்கிறது என்கிறார்.

அவ்வளவுதானா என்று கேட்டார் ஹக்கீம். குழுவில் அவர் தொலைத்தொடர்புப் பொறியாளர். இவ்வளவு நேரப் பேச்சுக்கு இரண்டே வரியா என்றார்.

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்றாள் மிதுஷா.

அந்தப் பதினாலு நிமிடத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

இல்லை என்றாள்.

ஹக்கீம் எதையோ குறித்துக்கொண்டார். விளக்கம் எதுவும் கிடைக்காவிட்டால், அழைப்பு வந்தும் எடுக்கப்படவில்லை என்றுதான் எழுத வேண்டிவரும் என்று சலேஹா சொன்னார். மிரட்டுகிற குரல் இல்லை அது. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தார்.

மிதுஷா இல்லையென்று தலையசைத்தாள்.

சலேஹா சந்திரிகா பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பு சரிதானே என்று கேட்டார்.

சரி என்று ஒரு வார்த்தை போதும். சந்திரிகா மிதுஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிதுஷாவும் நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

சில வரிகள் விட்டுப்போயின என்றாள் சந்திரிகா.

அம்மா இறந்த அன்று மூன்று மணிக்கு அவள் பாலத்துக்கு அக்கரையில், பிறை நகரில், தொழிற்சாலைக் கூட்டத்தில் இருந்தாள். வீட்டு எண்ணிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. இரண்டையும் வெட்டினாள். அவசர எண்ணில் யாரும் எடுக்காமல் போனதால்தான் அம்மா தனக்கு அடித்தார் என்று மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்பினால்தான் சோறு இறங்கியது.

அம்மா தமிழில் சொன்னதை, ஒவ்வொரு வரியாக, அவளே மலாயில் சொன்னாள்.

"மொதல்ல மகளுக்குத்தான் அடிச்சேன். வேலையில இருப்பா, வெட்டிட்டா. திரும்ப அடிப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இத அவகிட்ட சொல்லிடாதம்மா. தாங்கமாட்டா."



பதினாலு நிமிடத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது என்று பதிவு செய்யச் சொன்னார் சலேஹா. புகாரை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. சந்திரிகாவே கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பிறகு, இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றாள். அது அம்மா பேசியதல்ல. அம்மாவுக்கு மிதுஷா சொன்ன பதில். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"சொல்லமாட்டேன்மா."