சோழருக்குப் பதினாறு நாள் தீட்டு

சோழ மாமன்னரின் தொலைந்த சமாதி ஒரு கரும்புக் கொல்லையில் கிடைத்தது. குழியில் தெரிந்த எலும்பைத் தொட்டுப் பார்த்த கருவி, "அவரேதான். பதிவு செய்யட்டுமா?" என்றது.

பொறியாளர் பூங்கோதைக்கு வியர்த்துவிட்டது. பதிவு செய்த நொடியில் மன்னரின் மரபணு வாரிசுகள் எல்லோருக்கும் இறப்புச் செய்தி போய்விடும். மாவட்டத்தில் பாதிப் பேர் வாரிசுகள். அவளும்தான். நாளை மறுநாள் அவளுக்குக் கல்யாணம்.

அம்மாவுக்கு போன் போட்டாள். "செத்து ஆயிரம் வருஷம் ஆச்சேம்மா, இப்பப் போயி தீட்டா?"

"எப்பச் செத்தா என்னடி? சேதி காதுல விழுந்த நாள்லேருந்து பங்காளிங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. இப்ப விட்டா மண்டபம் தையிலதான் கெடைக்கும். எதையாவது பண்ணித் தொலைச்சுடாத!"

பூங்கோதை கருவியை அணைத்தாள். மேஸ்திரி அஞ்சாப்புலியின் முகத்தைப் பார்க்காமல், "இங்க ஒண்ணுமில்லண்ணே, மூடிடுங்க" என்றாள்.

அவர் அலுத்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார்.

"உங்க வீட்லயும் விசேஷமா மேடம்? போன தடவை வந்த சாருக்குக் கிரகப்பிரவேசம். அதுக்கு முந்தி வந்தவரு பொண்ணுக்குக் காதுகுத்து. ராஜாவ நான் மூடுறது இது மூணாவது தடவை."