ஏலக்காரர் குரல்

"அவன்கிட்டயா? செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்றாள் வினோலியா.

சித்ரலேகா பொறுமையாகத்தான் சொன்னாள். "உங்க அண்ணன்கிட்ட இருக்குன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. உங்க வீட்டுக்கார அண்ணாச்சி பேசுன பதிவு ரெண்டு மணி நேரமாவது வேணும். இல்லைன்னா வேற யாரு குரல்லயாவதுதான் பேச வைக்க முடியும்."

பேட்டையில் ரெண்டே ரெண்டு அறைதான் சித்ரலேகாவுடைய பட்டறை. ஆனால் அதற்குள் அந்தப் பெண் செய்து வைத்திருந்ததைப் பார்த்தால் யாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கழுத்தில் ஒட்ட ஒரு பட்டை, சட்டைப் பையில் போட ஒரு சின்னப் பெட்டி. சத்தமே இல்லாமல் வாயை அசைத்தால் போதும். பட்டை தசையின் அசைவைப் படித்துக்கொள்ளும், பெட்டி அதைப் பேசிவிடும்.

வினோலியாவின் புருஷன் ஜெர்வினுக்குத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்து எட்டு மாதம் ஆகிறது. திருச்செந்தூர் பக்கம் அவர்கள் ஊர்க் கடற்கரையில் இருபது வருஷம் மீன் ஏலம் கூறியவர். அவர் 'ஒருதரம்' என்றால் கரையில் இருக்கிற காக்கா எல்லாம் பறக்கும். அந்த மனுஷன் இப்போது கரைப் பக்கமே போவதில்லை.

மாதிரிக்கு ஒரு குரலைப் போட்டுக் காட்டினாள் சித்ரலேகா. ஜெர்வின் வாயை அசைக்க, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி பெட்டி சுத்தமாகப் பேசியது.

ஜெர்வின் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். கையிலிருந்த நோட்டில் எழுதினார்: 'இதுக்கு ஊமையாவே இருந்துக்கிடுதேன்.'



வீட்டில் அவள் தேடாத இடமில்லை. கல்யாண வீடியோவில் மூணு மணி நேரமும் பாட்டுதான் ஓடுகிறது, ஒருத்தர் பேச்சும் கேட்கவில்லை. போனில் குரல் அனுப்புகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. "நான் இங்கன நின்னு கூப்பிட்டா அடுத்த தெருவுக்கே கேக்கும், இது எதுக்கு" என்பார்.

மிச்சம் இருந்தது சிலுவைமுத்து ஒருத்தன்தான். அவள் கூடப்பிறந்த அண்ணன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால், தன் படகில் வந்த சீலா மீனை ஜெர்வின் அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கு முடித்துவிட்டார் என்று, 'கள்ள ஏலம்' என்று கரையே கேட்கக் கத்தியவன். அன்றோடு போக்குவரத்து நின்றது. அதோடு விட்டானா? அடிக்கடி ஏலம் நடக்கும்போது பத்தடி தள்ளி நின்று போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பான்.

"ஊர்க் கமிட்டியில குடுக்கச் சாட்சி சேக்குதான்" என்றார்கள் எல்லோரும். சொந்த அண்ணனே இப்படிச் செய்தால் யாரிடம் போய் அழ?

ஆனாலும் மறுநாள் சாயங்காலம் போனாள். அந்த நோட்டுத் தாள் அவளைத் தூங்க விட்டால்தானே.

சிலுவைமுத்து படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் உட்காரவில்லை.

"அவுகளை மாட்டி விட எடுத்து வச்சிருக்கியே, அந்த வீடியோ எல்லாம் வேணும்."

"எதுக்கு?"

சொன்னாள். அவன் கையைத் துடைத்தான். போனைத் திறந்து உள்ளே இருந்த மெமரி கார்டை எடுத்தான். ஒரு காகிதத்தில் மடித்து நீட்டினான்.

"ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடலையா? நாளைக்குக் கமிட்டிக்கு வேணுமே" என்றாள் குத்தலாக.

"இருட்டுது. போய்ச் சேரு."

எப்படி இருக்கார் என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். கல்நெஞ்சுக்காரன் என்று முனகிக்கொண்டே வீடு வந்தாள்.

பத்து நாள் என்று சொன்ன சித்ரலேகா, இருபத்தைந்தாம் நாள்தான் கூப்பிட்டாள்.

பட்டையை ஒட்டினாள். ஜெர்வின் தயங்கித் தயங்கி உதட்டை அசைத்தார்.

"ஏளா வினோலியா."

அதே கட்டைக் குரல். அதே கரகரப்பு. அவர்தான், அவரேதான்.

"ஏன் அழுத? ஒரு காப்பி குடிப்பமா?" என்றார். காப்பியையும் ஏலம் விடுகிற மாதிரியே கேட்டது பெட்டி. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"எல்லாம் ஏலப் பதிவுல்லா, அதான்" என்று சித்ரலேகாவும் சிரித்தாள். "போகப் போகச் சரியாயிரும்."

வினோலியா அவள் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருப்ப தாயி. எங்களுக்கு உசிரைத் திருப்பிக் குடுத்துருக்க."

"நாள் கூடிப் போச்சுக்கா, தப்பா நினைக்காதீங்க. முந்நூறு பதிவு இருந்துச்சு. எல்லாத்துலயும் போனை ஒட்டி இன்னொரு ஆளும் மெதுவாப் பேசுதாரு. அண்ணாச்சி குரல்ல அது கலந்துரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா வெட்டி எடுத்தேன்."

"அவன்தான். திட்டுதானா?"

சித்ரலேகா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"அந்த வீடியோ எதுலயும் மீனும் இல்ல, தராசும் இல்லக்கா. அண்ணாச்சி மொகம் மட்டுந்தான் இருக்கு. வெட்டுனதையும் அழிக்க மனசு வரல. தனியா வச்சிருக்கேன், கேளுங்க."

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினாள். யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போல, மூச்சோடு மூச்சாக வந்தது சிலுவைமுத்துவின் குரல்:

"மாதாவே, எங்க மாப்பிள தொண்டைக்குக் கண்ணு பட்டுராமப் பாத்துக்கிடும்மா."