கலையாத அடி

தொங்குபாலத்தில் படையினர் ஒரே அடியாக நடக்கக் கூடாது. எல்லாக் கால்களும் சேர்ந்து விழுந்தால் பாலம் ஆடி ஆடியே அறுந்துவிடும். அதனால் பாலத்தில் ஏறும்போதே சுபேதார் அருளப்பன் திரும்பி, "அடியைக் கலைச்சு நடங்க" என்று உத்தரவு போட்டார். நாற்பது பேரும் கலைந்தார்கள். நாலு எட்டு, தகரத்தில் புளியங்கொட்டை சிதறினாற்போல் சத்தம் கேட்டது. ஐந்தாவது எட்டில் எல்லா பூட்ஸும் மறுபடி ஒன்றாக விழுந்தன. மூடுபனிக்குள் பாலம் தூளிபோல ஆடத் தொடங்கியது. கீழே ஆறு தெரியவில்லை, அதன் இரைச்சல் மட்டும் ஏறி வந்தது.

"சந்தைக்குப் போற மாதிரி நடங்கப்பா!"

"அப்படித்தான் நடக்கப் பார்க்குறோம் ஐயா," என்றான் முதல் ஆளாக வந்த செல்வின். "கால் கேக்க மாட்டேங்குது."

பதினோரு மாதம் அவர் அதட்டிப் பழக்கிய கால்கள். ஒன்றுகூடப் பிசகவில்லையே என்று அந்த நேரத்திலும் அவருக்குப் பெருமையாக இருந்தது. கையை உயர்த்தினார். நாற்பது பேரும் ஒரே நொடியில் நின்றதில் கயிறுகள் முனகின.

"என் காலைப் பார்த்து வாங்க. நான் கலைச்சு நடந்து காட்டுறேன்."

பட்டாளத்துக்கு வருமுன் எப்படி நடந்தோம் என்று கண்ணை மூடி யோசித்தார். ஈர மணல், கையில் பாதி கடித்த கரும்பு, தோளில் தம்பியின் பாரம், எல்லாம் ஞாபகம் வந்தது. நடை மட்டும் வரவில்லை. ஆனாலும் ஒரு காலைத் தூக்கினார். இடது கால். பின்னால் நாற்பது இடது கால்கள் சத்தமில்லாமல் எழுந்து, அவர் கால் இறங்கட்டும் என்று காத்திருந்தன.